ஆளுக்கொரு பச்சைப் பொட்டு

எங்கள் புல்வெளியை நாய்கள் பிடித்துக்கொண்டன என்று நான் சொல்லும்போதெல்லாம் என் மகள் திருத்துவாள். "நாய் பிடிக்கேல்லை அப்பா. நகரசபை குடுத்தது." இங்கே பிறந்து வளர்ந்தவள், எதையும் சரியாகச் சொல்லிப் பழகியவள். எனக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை. போனது போனதுதான்.

ஜேர்மனியில், ஹம் நகரத்திலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் வருகிற சின்ன ஊர் இது. நிலையத்துக்குப் பின்னால் நாலு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். அகதிகளாக வந்த காலத்தில் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தவை அவைதான். பிறகு சிலர் வீடு வாங்கிக்கொண்டு வேறு பக்கம் போனார்கள். போனவர்களும் சனிக்கிழமை பின்னேரம் திரும்பி வருவார்கள். கட்டடங்களுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் வொலிபோல் ஆடுவோம். யாழ்ப்பாணத்து ஓவர் கேம். பந்தை ஏந்தி உயர்த்திக் கொடுக்க அதில் ஆள் கிடையாது. வந்த பந்தை ஒரே அடியில் வலைக்கு மேலால் அனுப்பிவிட வேண்டும். ஆரம்பத்தில் சில டொச்சுக்காரர், இந்த நாட்டு ஜேர்மன்காரர், நின்று பார்த்தார்கள். இது வொலிபோலே இல்லை என்று எங்களுக்கு விளக்கிவிட்டுப் போனார்கள்.

நாங்கள் வந்தபோது அந்த இடத்தைப் புல்வெளி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் கம்பியும் முட்செடியுமாகக் கிடந்தது. தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்து, குனிந்து குனிந்து கல் பொறுக்கினோம். பள்ளத்துக்கு மண் போட்டு, புல் விதை வாங்கித் தூவி, மழை இல்லாத கோடையில் வாளியில் தண்ணீர் காவினோம். பந்து தெருவுக்கு ஓடுகிறது, பிள்ளைகள் பின்னால் ஓடுகிறார்கள், ஆபத்து என்று நான்தான் நகரசபைக்கு அன்ராக் என்கிற விண்ணப்பம் எழுதினேன். ஒன்று, இரண்டு என்று எழுதி, கடைசியில் அவர்கள் வந்து இரண்டு பக்கத்துக்கு உயரமான கம்பிவேலி போட்டுத் தந்தார்கள். அன்றைக்கு நான் பெரிய ஆள். வேலிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படமெல்லாம் எடுத்தார்கள்.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒருவர் மட்டும் ஆடுவதில்லை. மன்னார்ப் பக்கத்து ஆள், என்னை விடக் கொஞ்சம் இளையவர். முழங்கால் சரியில்லை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. விசாவுக்காகக் காத்திருந்த காலத்திலேயே கலியாண வயது போய்விட்டது. விசா வந்த பிறகு கேட்ட இடங்களில் ஆளுக்கு வயது கூட என்றார்கள். தனி ஆள், ஒற்றை அறை வீடு. எல்லோருக்கும் முன்னால் வந்து வலையைக் கட்டுவார். விசில் அவரிடம்தான். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று அவர் சொன்னால் அதுதான் முடிவு. பெரிய போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து ஊற்றித் தருவார். ஆட்டம் முடிந்து நாங்கள் வியர்வையோடு வீட்டுக்கு ஓடப் பார்த்தால், "இருங்கோவன் அண்ணை, இன்னும் இருட்டேல்லைத்தானே" என்பார். இரண்டு பேராவது கூட இருந்துவிட்டால் அவர் முகம் தெளிந்துவிடும். அவருக்குக் கிழமையில் இருந்தது அந்த ஒரு பின்னேரம்தான். எங்களுக்கெல்லாம் அது தெரியும். தெரிந்து வைத்திருப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்.

ஒரு வசந்த காலத்தில் படிக்கட்டுப் பக்கத்து அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாய்களைக் கயிறில்லாமல் ஓடவிட, வேலியடைத்த ஓர் இடம் அமைக்க நகரசபை தீர்மானித்திருக்கிறது. மூன்று இடங்கள் பார்த்திருக்கிறார்கள். ஒன்று, சரக்கு ரயில் பாதையின் அணைக்குப் பின்னால். இன்னொன்று, கால்வாய்க் கரை. மூன்றாவது எங்கள் புல்வெளி. ஊர்மக்கள் வந்து கருத்துச் சொல்ல வேண்டும், பாடசாலை சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டம்.

அந்தச் சனிக்கிழமை பந்து ஆடவில்லை, வாய்தான் ஆடியது. மனிதன் விளையாட இடமில்லை, நாய்க்கு இடம் தேடுகிறார்கள் என்றார் ஒருவர். இங்கே நாய்க்கும் வரி உண்டு, அது வரி கட்டுகிற நாய், நீர் எவ்வளவு கட்டுகிறீர் என்று இன்னொருவர் அவரைச் சீண்டினார். சிரிப்பெல்லாம் முடிந்த பிறகு, கூட்டத்துக்கு யார் போவது என்ற கேள்வி வந்தது. எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"அண்ணை, உங்களுக்குத்தான் டொச் வடிவா வரும். வேலி எடுத்துத் தந்ததும் நீங்கள்தானே. நீங்கள் ஒரு ஆள் போனாக் காணும்."

"எல்லாரும் போய் நிண்டா சண்டைக்கு வந்த மாதிரித் தெரியும். ஒரு ஆள் மரியாதையாக் கதைச்சா மதிப்பினம்."

இது எங்கள் பழைய பழக்கம். அகதி முகாமில் இருந்த நாட்களில் டொச் தெரிந்த ஒருவர் பத்துப் பேருடைய கடுதாசிகளையும் காவிக்கொண்டு அரச கந்தோருக்குப் போவார். மற்ற ஒன்பது பேரும் அறையில் இருந்து அவருக்குச் சோறு எடுத்து வைப்பார்கள். கூட்டமாகப் போனால் பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அந்த ஒருவர் சொன்னால் பத்துப் பேரும் சொன்ன மாதிரித்தான். அப்படியே பழகிவிட்டோம். கோயில் விசயம் என்றாலும், பிள்ளைகளின் பாடசாலை விசயம் என்றாலும், ஒருவரை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்போம்.

மன்னார்க்காரர் மட்டும் வலையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "எல்லாரும் போவம் அண்ணை. நான் வேலைக்கு லீவு சொல்லிப்போட்டு வாறன். ஒரு ஆளை ஆர் கணக்கிலை எடுக்கப்போகினம்?"

"உமக்கென்ன விசரே? உம்மடை டொச்சுக்கு அங்கை வந்து என்ன கதைக்கப்போறீர்?" என்று ஒருவர் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு வலையை இறுக்கிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு நான் போனேன். சொல்ல வேண்டியதை இரண்டு இரவு இருந்து எழுதி, மகளிடம் காட்டித் திருத்தி வைத்திருந்தேன். மண்டபத்தில் மத்தியானத்து சூப் மணம் இன்னும் போகவில்லை. நாய்க்காரர் நிறைந்து போயிருந்தார்கள். புருசன், பெண்சாதி, வளர்ந்த பிள்ளைகள், கைத்தடியோடு கிழவர்கள், யாரோ ஒருவருடைய சகோதரி வேறு ஊரிலிருந்து. ஒரு கதிரைக்குக் கீழே பெரிய கறுப்பு நாய் ஒன்று நிம்மதியாக நித்திரை கொண்டது. வாசலில் நின்ற பெண்பிள்ளை எனக்கு ஒரு பச்சை ஒட்டுப்பொட்டுத் தந்தாள். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் மனைவி ஒட்டி வைக்கிற பொட்டுகளை விடக் கொஞ்சம் பெரியது. எதற்கு என்று தெரியாமல் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

கூட்டத்தை நடத்த நகரசபை வெளியிலிருந்து ஒரு பெண்ணை அழைத்திருந்தது. மூன்று இடங்களின் படங்களும் சுவரில் பெரிதாகத் தொங்கின. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அணைக்குப் பின்னால் ரயில் சத்தத்தில் நாய்கள் மிரளும், விளக்கு இல்லை, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். கால்வாய்க் கரையில் பறவைகள் கூடு கட்டுகின்றன, வருசத்தில் பாதி நாள் போகக் கூடாது. மூன்றாவது இடத்துக்கு வந்தபோது அவள் குரலே மாறியது. தரை மட்டமாக இருக்கிறது. புல் மிக நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் எடுக்கலாம், விளக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு பக்கத்துக்கு ஏற்கெனவே உயரமான வேலி போட்டிருக்கிறது.

எனக்குக் காது சுட்டது. கல் பொறுக்கியது நாங்கள். வேலி கேட்டது நான். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி எங்கள் வேலையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

நாய்க்காரர் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழும்பினார். நல்ல மனிசி, அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்களில் பலருக்கு வயதாகிவிட்டது என்றார். தூரம் நடக்க முடியாது, பின்னேரம் இருட்டினால் அணைப் பக்கம் போகப் பயம். நாய் இல்லாவிட்டால் நாள் முழுக்க யாரோடும் பேசாத ஆட்கள் எங்களில் இருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் முறை வந்தது. முப்பது குடும்பங்களுக்காகப் பேசுகிறேன் என்று தொடங்கினேன். எழுதியதை ஒரு பிழையும் விடாமல் வாசித்தேன். எத்தனை வருசமாக ஆடுகிறோம், எப்படி அந்த நிலத்தைத் திருத்தினோம், பிள்ளைகள் அங்கேதான் ஓடப் பழகினார்கள் என்றெல்லாம் சொன்னேன். கை தட்டினார்கள். நடத்திய பெண் மிகவும் முக்கியமான கருத்து என்று சொல்லி, மஞ்சள் மட்டையில் "பந்து விளையாட்டு" என்று எழுதிப் பலகையில் குத்தி வைத்தாள். முப்பது குடும்பத்தின் முப்பது வருசமும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

பிறகு பொட்டை எடுங்கள் என்றாள். விரும்புகிற இடத்தின் படத்தில் ஆளுக்கு ஒரு பொட்டு ஒட்ட வேண்டும். கடைசி முடிவு எடுக்கிற மாவட்ட சபைக்கு அந்தப் படங்களைத்தான் அனுப்புவார்களாம்.

நான் அவளிடம் போனேன். "நான் ஒரு ஆள் இல்லை. முப்பது குடும்பங்கள் என்னை அனுப்பியிருக்கின்றன. எனக்கு இன்னும் பொட்டுத் தர வேண்டும்."

அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"வீட்டில்."

"அவர்களுக்கு இன்றைக்கு வர முடியவில்லையா?"

வந்திருக்கலாம். எல்லோரும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். என்னை மதித்து வீட்டில் இருக்கிறார்கள், அதுதான் எங்கள் மரியாதை என்று டொச்சில் சொல்ல எனக்குத் தெரியும். சொன்னால் அவள் அதையும் ஒரு மஞ்சள் மட்டையில் எழுதியிருப்பாள்.

"மன்னிக்க வேண்டும், மண்டபத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, எங்கள் புல்வெளியின் நடுவில், வலை கட்டுகிற இடத்தில், தன் பொட்டை ஒட்டிவிட்டுப் போனாள். நான் என்னுடையதை ரயில் அணைப் படத்தில் ஒட்டினேன். அங்கே ஏற்கெனவே ஒன்றிரண்டு இருந்தன. எங்கள் புல்வெளி பச்சை பிடித்துப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து சேர முதலே ரெலிபோன் அடிக்கத் தொடங்கிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். "அப்ப எங்களையும் கூப்பிட்டிருக்கலாமே?" என்று கேட்டார்கள். என்னை அனுப்பிய அதே வாயால் கேட்டார்கள். நன்றாகக் கதைக்கவில்லையாம், கோபமாகக் கதைத்துக் கெடுத்திருப்பேனாம். அடுத்து வந்த பிறந்தநாள் கொண்டாட்டத்தில், சோற்றுத் தட்டோடு நின்ற என்னைப் பார்த்து, "இவர்தான் காணியை நாய்க்கு எழுதிக் குடுத்திட்டு வந்தவர்" என்று ஒருவர் அறிமுகம் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தட்டை அவர் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. மரியாதையான ஆள் என்று பெயர் எடுத்ததால் எறியவில்லை.

மாவட்ட சபை எங்கள் புல்வெளியையே தெரிவு செய்தது. மிச்ச இரண்டு பக்கத்துக்கும் வேலி வந்தது. ஒன்றைச் சாத்தினால்தான் மற்றதைத் திறக்க வேண்டிய இரட்டைக் கதவு வந்தது. வலைக் கம்பங்களை ஒரு காலையில் வந்து அடியோடு அறுத்தார்கள். எங்களுக்கு அதற்குப் பதிலாக ஊரின் மறு முனையில் உள்ள உள்ளரங்கில், வேலைநாள் இரவில் ஒரு நேரம் தந்தார்கள். இரவு வேலைக்காரர் அதற்கு வர ஏலாது, காலை வேலைக்காரர் நித்திரை கொள்ள வேண்டும். கொஞ்ச நாள் நாலு பேர் போனார்கள், பிறகு அதுவும் நின்றது. இப்போது நாங்கள் ஒருவரையொருவர் செத்த வீட்டில்தான் பார்க்கிறோம். பார்த்தால், ஒரு சனிக்கிழமை எல்லோரும் கூட வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறோம்.

மன்னார்க்காரரை நான் அதற்குப் பிறகு காணவில்லை. போன் எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்று நினைப்பேன். அவர் நாய் வாங்கிவிட்டார் என்று முதலில் சொன்னது என் மனைவி. யாரோ கள்ளுத் தவறணைக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்கிற குரலில் சொன்னாள். கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கிற இடத்துக்குப் போய், ஒருவரும் கேட்காத கிழட்டு நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். வீட்டுக்குள்ளேயே படுக்க விடுகிறாராம். "இனி அந்த வீட்டிலை ஆர் தண்ணி குடிக்கிறது?" என்று ஊரில் கேட்டார்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டில் தண்ணீர் குடித்தவர்கள் யார் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் புல்வெளிப் பக்கம் நடந்து போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு டொச்சுக்காரர் நின்றார்கள், நடுவில் அவர். தொப்பி போட்டிருந்தார். கையில் அதே தேத்தண்ணிப் போத்தல். கூட்டத்தில் பேசிய ஆசிரியை, அவர் மூடியில் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். மண்ணிறத்தில் ஒரு நாய் மெல்ல நொண்டிக்கொண்டு திரிந்தது. "டேய், இஞ்சாலை வா" என்று அவர் கூப்பிட, அது தமிழ் விளங்கின மாதிரித் திரும்பி வந்தது.

கதவில் கை வைத்தேன். நாயோடு வருகிறவர்களுக்கு மட்டும் என்று பலகை சொன்னது. நான் கல் பொறுக்கிய நிலம். கையை எடுத்துவிட்டேன். அவர் என்னைக் கண்டு வேலியோரம் வந்தார்.

"எப்பிடி அண்ணை சுகம்?"

"இருக்கிறன். என்ன, நாயெல்லாம் வளர்க்கிறீராம்?"

"நாய் இல்லாமல் உள்ளை விட மாட்டினமே" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு சனியும் வந்து இந்த வேலிக்கு வெளியிலை நிண்டனான் அண்ணை. வேறை எங்கை போறது? உங்களிலை ஆராவது வருவியள் எண்டு பாத்தன். பிறகு அந்த ரீச்சர் அம்மா வந்து கேட்டவ, ஏன் வெளியிலை நிக்கிறாய் எண்டு. அவதான் நாய் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனவ."

"எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே?"

"நீங்களும் அடிச்சிருக்கலாம் அண்ணை."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

"இவைக்கு என்ரை பேர் கூட வாயிலை வராது" என்று பின்னால் நின்றவர்களைக் காட்டினார். "ஆனா காய்ச்சல் எண்டு ரெண்டு நாள் வராமல் விட, சூப்போடை வீட்டை வந்து நிண்டினம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் நான் கெதியாகக் கதைக்கிற ஆள். "ஒரு நாளைக்கு வீட்டை வாருமன். மனிசி சமைப்பா. ஆறுதலா இருந்து கதைப்பம்" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. பிறகு கீழே பார்த்தார். நாய் அவர் சப்பாத்தின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"இவனையும் கூட்டிக்கொண்டு வரலாமோ அண்ணை? தனிய விட்டா அழுவான்."

என் மனைவியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சாமி அறை வந்தது, புதுக் கம்பளம் வந்தது, பிறந்தநாள் மண்டபத்தில் சிரிக்கப்போகிற வாய்கள் வந்தன.

"பாப்பம்" என்றேன்.

எங்கள் ஆட்கள் பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு, குனிந்து நாயை எழுப்பிக்கொண்டு, மற்றவர்கள் நின்ற பக்கம் நடந்து போனார்.